நான்காவது பெயர்

இடைநிலைப்பள்ளியில் படித்தபோது மலாக்கா சுல்தான்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டியிருந்தது. பரமேஸ்வரா, மெகாட் இஸ்கண்டார் ஷா, முகமட் ஷா, அபு சாஹிட், முசாபர் ஷா, மன்சூர் ஷா... இப்படிப் போகும். டியூஷன் ஆசிரியர் நான்காவது பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னார். "இது சோதனைக்கு வராது. ஒன்றரை வருஷம்தான். விட்டுருங்க." நாங்களும் விட்டோம். எஸ்.பி.எம். சோதனையில் அவர் சொன்னபடியே அது வரவில்லை.

இருபது வருடம் கழித்து அந்தப் பெயரை மறுபடி எனக்கு எடுத்துக் கொடுத்தவன் என் அக்கா மகன். ஜொகூர் பாருவில் ஒரு இளைஞர் சந்திப்பில் நான் பேசினேன். தலைப்பு, 'மலாக்கா அரசில் தமிழ் இரத்தம்'. இந்த மாதிரிக் கூட்டங்களில் கைதட்டல் எங்கே விழும் என்று பேசுகிறவனுக்குத் தெரியும். மணி புரிந்தன் என்ற பெயரைச் சொன்னால் விழும். முசாபர் ஷாவின் தாய் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் என்றால் இன்னும் பலமாக விழும். 1446இல் தாய்மாமன் துன் அலியின் துணையோடு அரியணை ஏறினார், மலாக்காவின் பொற்காலம் தொடங்கியது என்று நான் முடித்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு நடக்கும்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, அவர் ஏறுறதுக்கு முன்னாடி அங்க உட்கார்ந்திருந்தது யாரு? அவருக்கு என்ன ஆச்சு?"

தம்பியைக் கொன்றுவிட்டார்கள் என்றேன். எத்தனை வயது என்றான். சின்னப் பையன் என்றேன். அதோடு பேச்சு நின்றது. அன்று இரவு வீட்டுக்கு வந்து 'செஜாரா மெலாயு'வை எடுத்தேன். அந்த அத்தியாயத்தை அதற்கு முன் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் துன் அலிக்காகத்தான் படித்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். மலாக்காவின் மூன்றாவது அரசர் முகமட் ஷாவுக்கு இரண்டு மனைவியர், இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ராஜா காசிம். அவன் தாய் துன் வாத்தி, மணி புரிந்தனின் மகள், துன் அலியின் சகோதரி. இளையவன் ராஜா இப்ராஹிம். அவன் தாய் ரொக்கான் நாட்டு இளவரசி. ரொக்கான் என்பது நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவில், அதே பெயருள்ள ஆற்றின் கரையில் இருந்த அரசு. அரச குலத்துப் பெண்ணின் மகன் என்பதால் இளையவனே வாரிசு ஆனான். மூத்தவனின் தாய் அமைச்சர் வீட்டுப் பெண், அதுவும் வணிகர் வழி வந்தவள். இந்தக் கணக்கு தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. பட்டத்து ராணி பிள்ளைக்கும் மற்றவள் பிள்ளைக்கும் நடுவே என்ன நடக்கும் என்பது நம் தெருக்கூத்திலிருந்து தொலைக்காட்சித் தொடர் வரை ஊறிப்போன விஷயம்.

1444 வாக்கில் முகமட் ஷா இறந்தார். இப்ராஹிம் சுல்தான் ஆனான். ஆண்டது அவனில்லை. தாய்வழி உறவினரான ரொக்கான் அரசர் மலாக்காவில் தங்கி, அவன் பெயரால் எல்லாவற்றையும் நடத்தினார். ராஜா காசிமை அரண்மனையிலிருந்து துரத்தினார்கள். அவர் ஒரு மீனவன் வீட்டில் தங்கி, கடலுக்குப் போய் வலை இழுத்துப் பிழைத்தார் என்று நூல் சொல்கிறது. மலாக்காப் பிரபுக்கள் ரொக்கான்காரரின் அதிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, ஒரு பக்கம் ஒரு தாய்மாமன், மறுபக்கம் தாய்வழி உறவு இன்னொருவர். நடுவில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் மீன்பிடிக்கிறான். இன்னொருவன் அரியணையில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டுமே அவர்கள் கேட்டு வாங்கியது இல்லை.

பிறகு மேற்கிலிருந்து ஒரு கப்பல் வருகிறது. அதில் மௌலானா ஜலாலுத்தீன் என்ற சமயப் பெரியவர். மீன் விற்க வந்த காசிமைப் பார்த்ததும் அவருக்கு மரியாதை காட்டுகிறார், நீ இந்த ஊருக்கு அரசனாவாய் என்கிறார். பதிலுக்கு ஒன்று கேட்கிறார். இந்த இடத்தை நான் என் பேச்சுகளில் ஒருபோதும் சொன்னதில்லை. அவர் கேட்டது ரொக்கான் இளவரசியை, அதாவது அந்தச் சிறுவனின் தாயை. காசிம் சரி என்கிறார். ஆட்சி கவிழும் முன்பே சிறுவனின் அம்மாவுக்கு விலை பேசியாயிற்று.

அன்றிரவு காசிம் தன் மாமன் துன் அலியிடம் போகிறார். ஸ்ரீ நாரா டிராஜா என்பது அவர் பட்டப்பெயர். அவர் யோசிக்கவில்லை. மருமகனை யானையில் ஏற்றிக்கொண்டு பெண்டஹாரா வீட்டு வாசலுக்குப் போகிறார். பெண்டஹாரா என்றால் முதலமைச்சர் மாதிரி. அரசர் அழைக்கிறார் என்று கூப்பிட்டதும் அவர் அவசரமாக வந்து இருட்டில் யானை மேல் ஏறிவிடுகிறார். ஏறிய பிறகுதான் பக்கத்தில் இருப்பது எந்த அரசர் என்று சொல்கிறார்கள். அவர் இறங்கவில்லை. இவரும் என் எஜமானின் மகன்தானே என்று சமாதானம் ஆகிறார். சிரிப்பு வரவேண்டிய இடம் இது. சொல்பவருக்கும் அந்தச் சிரிப்பு இருக்கிறது.

கூட்டம் அரண்மனைக்குள் புகுந்தபோது ரொக்கான் அரசரின் பக்கத்திலேயே சுல்தான் இருந்தான். துன் அலி கத்துகிறார்: இப்போது குத்தாதீர்கள், சுல்தான் அவர் கையில் இருக்கிறார். ஆனால் ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. குத்துப்பட்ட ரொக்கான் அரசர், சாகும்முன் தன் பக்கத்திலிருந்த சுல்தானைக் குத்துகிறார். சிறுவன் இறக்கிறான். ஆட்சிக் காலம் ஒரு வருடம் ஐந்து மாதம். அடுத்த வரியில் ராஜா காசிம் சுல்தான் முசாபர் ஷா ஆகிறார்.

நூலில் இவனுக்கு வயது எழுதப்படவில்லை. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. யாராவது தூக்கி வைக்கிறார்கள், யாராவது பக்கத்தில் நிற்கிறார்கள், யாராவது குத்துகிறார்கள். பெயரைப் பாருங்கள். அபு சாஹிட் என்பதில் இருப்பது உயிர்த்தியாகி என்ற பொருள் தரும் அரபுச் சொல். இறந்த விதத்தை வைத்துப் பின்னால் வந்த பெயர் அது. பெற்றோர் வைத்த இப்ராஹிம் என்ற பெயர் பாடநூல் அட்டவணையில் கிடையாது. செத்துப்போனதற்கான பெயரைத்தான் நாங்கள் பென்சிலால் அடித்தோம்.

இதற்குப் பிறகு தாய். முசாபர் ஷா ஆன காசிமிடம் மௌலானா வாக்கைக் கேட்கிறார். சுல்தான் அரண்மனையில் அழகான பணிப்பெண் ஒருத்திக்கு நகை போட்டு, இளவரசி மாதிரி உடுத்தி, இவள்தான் என்று கொடுத்துவிடுகிறார். மௌலானா நம்பி அழைத்துக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறுகிறார். ஏமாற்றிவிட்டாரே என்று படிக்கிறவர்கள் புன்னகைப்பார்கள். நானும் புன்னகைத்தவன்தான். நகை போட்டு அனுப்பப்பட்ட பெண்ணை யாரும் கேட்கவில்லை. ஒரே இரவில் பிள்ளையை இழந்த ரொக்கான் இளவரசி அதற்குப் பிறகு அந்த நூலில் வருவதில்லை.

இப்போது, இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார் என்ற கேள்விக்கு வரவேண்டும். அதற்கு மலாக்காவுக்குப் போகத் தேவையில்லை. ஜொகூர் பாருவிலிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் கோத்தா திங்கி. அந்த மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றின் கரையில் இருந்தது பத்து சாவார். 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் விழுந்த பிறகு, அதே அரச குடும்பம் 1528 முதல் ஜொகூரில் ஆண்டது. ஆற்றங்கரையில் அவர்கள் தலைநகரம் எரிவதும் மாறுவதுமாக இருந்தது. பத்து சாவார் தலைநகராக இருந்த காலத்தில்தான், 1612இல், மலாக்கா அரசர்களின் கதையை எழுதும்படி பெண்டஹாராவுக்கு ஆணை வந்தது. அந்தப் பெண்டஹாரா துன் முகமட். நாம் அறிந்த பெயர் துன் ஸ்ரீ லானாங்.

அவர் தன் முன்னுரையில் வம்சாவளியைத் தருகிறார். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மேலே மேலே போய், ஸ்ரீ நாரா டிராஜா துன் அலியைத் தொட்டு, அங்கிருந்து மணி புரிந்தனில் போய் நிற்கிறார். தன் இனம் மலாய் என்றும் அதே மூச்சில் எழுதுகிறார். இரண்டிலும் அவருக்கு முரண் தெரியவில்லை. 'தமிழ் இரத்தம்' என்று மேடையில் முழங்கும் என்னைப் போன்றவர்கள் அந்த முன்னுரையை ஒருதரம் நிதானமாகப் படிப்பது நல்லது.

அப்படியானால், அன்றிரவு யானையை ஓட்டிக்கொண்டு போனவரின் வம்சத்தவர்தான் நம்முடைய சாட்சி. நூற்றறுபது வருடம் கழித்து எழுதுகிறார். குத்தாதீர்கள் என்று துன் அலி கத்தியதும், சிறுவனைக் கொன்றது அவனுடைய சொந்தக்காரரே என்பதும் அவர் எழுத்தில்தான் இருக்கிறது. கேட்கிறவன் சந்தேகப்படத்தான் செய்வான். அரியணையில் உரிமையுள்ள குழந்தை உயிரோடு இருக்க, அண்ணன் சுல்தானாவது எப்படி நடக்கும்? அந்தக் கூட்டம் அரண்மனைக்குள் போனது ரொக்கான்காரரை மட்டும் அகற்றிவிட்டுச் சிறுவனைத் தொடர்ந்து ஆள விடவா? காசிமுக்கு மௌலானா சொன்னது, நீ அரசனாவாய் என்று. அரசனின் அண்ணனாவாய் என்று அவர் சொல்லவில்லை. துன் அலி உண்மையிலேயே கத்தியிருக்கலாம், அது என்னை அசைக்கவில்லை. யானை புறப்பட்டபோதே சிறுவனின் கதை முடிந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஆனால் துன் ஸ்ரீ லானாங்குக்கு எதிராக மட்டும் எழுதுவது நியாயமில்லை. மலாக்கா விழுந்த மறுவருடம் அங்கே வந்து 1515 வரை இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ். தொழிலால் மருந்து வணிகர், காது கூர்மையானவர். ஊர்க்காரர்களைக் கேட்டுக்கேட்டு 'சூமா ஓரியண்டல்' என்ற பெரிய நூலை எழுதினார். மலாக்கா அரசர்களின் வரலாற்றையும் விரிவாகச் சொல்கிறார். அதில் இஸ்கண்டார் ஷாவுக்குப் பிறகு நேராக முசாபர் ஷா. நடுவில் யாரும் இல்லை. கொலை நடந்து எழுபது வருடத்துக்குள், ஊரார் ஒரு வெளிநாட்டவருக்குச் சொன்ன கதையில் பையன் துடைக்கப்பட்டிருந்தான். பத்து சாவாரில் உட்கார்ந்த துன் ஸ்ரீ லானாங்கும் துடைத்திருக்கலாம். அவர் குடும்பத்துக்கு அது வசதியும்கூட. அவர் துடைக்கவில்லை. ஒன்றரை வருடத்தை மாதக் கணக்கோடு எழுதி வைத்தார்.

அதை எழுதிய மறுவருடமே, 1613இல், அச்சே படை பத்து சாவாரை அழித்து அவரைச் சிறைபிடித்துக்கொண்டு போனது. அவர் அடக்கமானது சுமத்ராவின் சமலங்காவில்.

காலனியக் காலத்து ஆங்கிலேய ஆய்வாளர்கள், குறிப்பாக வின்ஸ்டெட், இந்தக் கொலையை ஒரு பெரிய திருப்பமாகப் பார்த்தார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர் தரப்பு ஒரு பக்கம், பழைய இந்து மரபில் நின்ற மலாய்ப் பிரபுக்களின் தரப்பு மறுபக்கம், முதல் தரப்பு வென்றது என்பது அவர்கள் வாசிப்பு. அதற்கு அவர்கள் கையில் இருந்த துருப்பு, சீனக் குறிப்பில் வரும் ஒரு பெயர். 1445இல் மலாக்கா அரசர் என்று மிங் அரசவைக் குறிப்பு சொல்வது ஸ்ரீ பரமேஸ்வர தேவ ஷா. அது இந்தச் சிறுவன்தான் என்பது பலர் கருத்து. அப்படியென்றால் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. பரமேஸ்வரன், தேவன் என்று நமக்குச் சட்டென்று சொந்தமாகத் தோன்றும் பெயர் தோற்றவனுடையது. அவனைக் கவிழ்த்த அணிக்குத் தலைமை தாங்கியவர்தான் தமிழ் வழிவந்தவர். யாருக்காகக் கைதட்டுவது?

எனக்கு அந்த இரண்டு தரப்பு விளக்கத்தில் முழு ஒப்புதல் இல்லை. மதத்தையும் இனத்தையும் இழுக்காமலேயே, நதி வாய்க்கு அப்பாலிருந்து வந்த ஒரு மாமன் சுங்கத்தையும் துறைமுகத்தையும் கையில் வைத்திருந்தால் உள்ளூர்ப் பிரபுக்கள் எரிச்சல்படுவார்கள். துறைமுக நகரத்தில் யார் கையில் துறை என்பதே முதல் கேள்வி. யானையில் ஏறிய பெண்டஹாரா தமிழரும் அல்ல, வணிகரும் அல்ல. அவர் இறங்காமல் இருந்ததற்குக் காரணம் ரொக்கான்காரர் மேல் இருந்த கோபம்.

மணி புரிந்தனைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெலிங் நாட்டின் பஹிலி என்ற ஊரிலிருந்து கப்பலில் வந்தவர். வழியில் கப்பல் உடைந்து கடலில் விழுந்தபோது அலு-அலு மீன் அவரைத் தாங்கிக் கரை சேர்த்ததாம். கரையில் கண்டசுலிச் செடியைப் பிடித்து ஏறினாராம். அதனால் தன் சந்ததியார் அலு-அலு மீனைச் சாப்பிடக்கூடாது, கண்டசுலிப் பூவைச் சூடக்கூடாது என்று தடை விதித்தார். அலு-அலு என்பது நம் மீனவர்கள் சீலா என்று சொல்லும் மீன். இந்தக் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். உயிர் காத்த ஒரு மீனைக்கூட மறக்காத குடும்பம்.

அந்தக் குடும்பத்துக்கும் பிறகு ஒரு இரவு வந்தது. துன் அலியின் மகன் துன் முத்தாஹிர், மலாக்காவின் மிகச் செல்வாக்குள்ள பெண்டஹாரா. 1510இல், கோள்மூட்டலை நம்பி, அவரையும் குடும்பத்து ஆண்களையும் கொல்லச் சொன்னவர் சுல்தான் மஹ்மூட் ஷா. எந்தக் காசிமுக்காகத் துன் அலி யானை ஏறினாரோ, அந்தக் காசிமின் கொள்ளுப்பேரன். கோள் சொன்னவர்களிலும் கெலிங் வணிகர்கள் உண்டு, அதையும் நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. அப்பா, கணவன் எல்லாரையும் இழந்த முத்தாஹிரின் மகள் துன் பாத்திமாவை அதே சுல்தான் மணந்துகொண்டார். அவள் கருவுற்றபோதெல்லாம் கருவைக் கலைத்தாள் என்கிறது 'செஜாரா மெலாயு'. பிறக்கும் மகனுக்கே பட்டம் என்று சுல்தான் வாக்குக் கொடுத்த பிறகுதான் நிறுத்தினாள். அப்படிப் பிறந்தவர் அலாவுதீன் ரியாயாட் ஷா. 1528இல் ஜொகூர் அரசை நிறுவியவர்.

சில வாரங்களுக்கு முன் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கோத்தா திங்கிப் பக்கம் போனேன். அவன் காரில் போகிற வழியெல்லாம் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற காணொளியைக் கேட்டுக்கொண்டு வந்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு கொலைக்கு இத்தனை துப்பறிவாளர்கள். ஆற்றங்கரையில் இறங்கினோம். மழை பெய்திருந்ததால் தண்ணீர் தேத்தாரேக் நிறத்தில் ஓடியது. கரையெங்கும் செம்பனை. தலைநகரம் இருந்ததற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் எதுவும் நாங்கள் நின்ற இடத்தில் இல்லை.

அங்கே அவனிடம் அந்தச் சீனக் குறிப்பைச் சொன்னேன். 1445இல் மலாக்காத் தூதர்கள் பேரரசரிடம் என்ன கேட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. நாட்டைக் காக்கும் ஆணைப் பத்திரம் ஒன்று. நாகம் பின்னிய அங்கியும் குடையும், நாட்டு மக்களை அடக்கி வைப்பதற்காக. அப்புறம், எங்கள் அரசர் நேரில் வந்து உங்களைக் காண விரும்புகிறார், கூட வருகிறவர்கள் நிறைய, ஒரு பெரிய கப்பல் வேண்டும் என்று. கேட்டது ரொக்கான்காரரின் மூளையாக இருக்கும். மக்களை அடக்க ஒரு அங்கி வேண்டியிருக்கிறது என்றால், அரண்மனைக்குள் பயம் ஏற்கெனவே புகுந்திருக்கிறது.

"கொடுத்தாங்களா?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் கொடுக்கச் சொல்லிப் பேரரசர் உத்தரவிட்டார் என்றேன்.

"அந்த டிரெஸ் அவனுக்கு சைஸ் சரியா இருந்திருக்குமா?"

அவன் சிரிக்காமல்தான் கேட்டான். பரமேஸ்வரா சீனா போயிருக்கிறார், அவர் மகன் போயிருக்கிறார், பேரன் முகமட் ஷாவும் போயிருக்கிறார். அதற்குப் பிறகு மலாக்கா சுல்தான் யாரும் அந்தப் பயணம் போகவில்லை.